எட்டு வரும் எண்

என் கைப்பேசி எண் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். கல்லூரியில் கணிதம் படித்தபோது இதைக் கண்டுபிடித்தேன். ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டி, ஒரு கூட்டுத்தொகையிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் பதினொன்று வந்தது. விடுதியில் என் அறைத்தோழியிடம் அதைத் தொள்ளாயிரம் கோடியில் தொடங்கி முழு எண்ணாக வாசித்துக் காட்டினேன். பைத்தியம் என்று சிரித்தாள். அவளிடம் இருப்பது இந்த எண் மட்டும்தான். மீமிசல் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்ததும், கணவர் துபாய் போனதும், பிள்ளை பிறந்ததும் அவளுக்குத் தெரியாது.

போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. டிவியில் எண்கணிதம் பார்த்த மாமியார் என் எண்ணைக் கூட்டியிருக்கிறார்.

"அம்பத்தி மூணு வருது ஆத்தா. அஞ்சும் மூணும் எட்டு. சனி நம்பரு. மாத்திரு."

எந்த எண்ணையும் அப்படிக் கூட்டினால் கிடைப்பது ஒன்பதால் வகுக்கும்போது வரும் மீதிதான், வேறொன்றுமில்லை என்றேன். நம் தெருவிலேயே பல பேருக்கு எட்டு வரும் என்றேன்.

"அவுக வீட்டுப் புள்ளைகளுக்குக் காய்ச்சல் வரலன்னு கேட்டுட்டு வந்தியா?"

கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது. டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனாலும் நம்பர்மேல் பிடிவாதம் பிடித்து, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போனில் கணவரும் ஒரு சிம்தானே, மாற்றினால் என்ன போகிறது என்றார். தோழி எப்போதாவது கூப்பிட்டால் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் கூப்பிட்டு வருஷக் கணக்கில் ஆகிறது.

மறுநாள் அறந்தாங்கி போய்ப் புது சிம் வாங்க நானும் மாமியாரும் கிளம்பி நின்றபோதுதான் உறைத்தது. துபாயிலிருந்து கணவர் முன்னால் இந்தியாவுக்கான தொண்ணூற்றொன்று சேர்த்தல்லவா கூப்பிடுகிறார். கூட்டுத்தொகையில் பத்து ஏறும்.

"அத்தே, ஒங்க மகன் கூப்பிடுற நம்பரக் கூட்டிப் பாருங்க. அறுபத்தி மூணு வரும்."

மாமியார் விரல் விட்டு எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"ஒம்போது. முருகன் நம்பருல்ல. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று, வெளியே போகக் கட்டிய சேலையை மாற்ற உள்ளே போய்விட்டார்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று சேர்ந்தால் ஒன்பதால் வகுபடுகிறது. பதினொன்றால் வகுத்தால் மூன்று மீதி. வேடிக்கையாக இருந்தது. இதைச் சொன்னால் சிரிக்க ஒருத்திதான் உண்டு. கூப்பிட்டேன்.

அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பதிவுக் குரல். தவறாக அழுத்திவிட்டேனோ என்று மறுபடி கூப்பிட்டேன். அதே குரல்.

எண்ணை மாற்றிவிட்டாள். இனி அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. என் எண்ணாவது பழையபடி இருக்கிறது. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு அவனுடையதா, இவ்வளவு நேரம் போனைப் பிடித்திருந்த என் கையுடையதா என்று தெரியவில்லை.