பல் முளைத்த நேரத்தில் கிடைத்த உறவு

போன வருடம், மலேசியாவில் திகாம் பத்து என்ற ஊரில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தபோது நடந்தது இது. மகனுக்கு எட்டு மாதம். நான் கர்ப்பமாக இருந்தபோது எனக்கே தெரியாமல் தொற்றிய ஒரு வைரஸ் அவனையும் தாக்கியதில், பிறவியிலேயே அவனுக்கு வலது காது கேட்காது.

பல் முளைக்க ஆரம்பித்ததும் ஈறு வீங்கி, எச்சில் ஓயாமல் வடிந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் கடித்தான். ஒருநாள் லேசாக உடம்பு சுட்டது. கேட்கிற காதையும் பிடித்து இழுத்தான். அதுவும் போய்விடுமோ என்று பதறி, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

காதில் ஒன்றுமில்லை, பல் வலிதான் என்றார் டாக்டர். ஆனால், அந்தக் கிருமி இவன் எச்சிலிலும் சிறுநீரிலும் இன்னும் சில வருடங்கள் இருக்கலாம், கர்ப்பிணிகள் கவனமாக இருக்க வேண்டும் என்றார். எச்சிலைத் துடைத்தாலும் நெப்பி மாற்றினாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வாயில் முத்தமிடக் கூடாது, அவன் ஸ்பூனைப் பயன்படுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் பயமில்லையாம்.

நான் குருண் ஊரில் உள்ள ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகும்போது மகனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் மருமகள் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. வைரஸ் என்ற வார்த்தையைக் கேட்டதுமே முன்பு இரண்டு பேர் இவனைப் பார்க்க மறுத்திருந்தார்கள். வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கே திண்டாட்டம். இருந்தாலும் அன்று மாலையே போய், டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

ஆன்ட்டி மருமகளைத்தான் பார்த்தார். அந்தப் பெண் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். நாளையிலிருந்து பிள்ளையை எங்கே விடுவது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

“அக்கா, கையக் கழுவத்தானே சொன்னாங்க? பிள்ளையக் கை கழுவச் சொல்லலையே லா” என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மறுநாளிலிருந்து எச்சில் துடைப்பதும் நெப்பி மாற்றுவதும் ஆன்ட்டியின் வேலை. ஃபிரிட்ஜில் வைத்த ஈரத்துணியை அவன் கடிக்கக் கொடுப்பார். அந்தப் பெண்ணோ அவனுடைய இடது பக்கமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள். அவன் முதலில் “அத்தை” என்று கூப்பிட்டதும் அவளைத்தான்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்ல சுகம். பரிசோதனையில் இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தன் வயிற்றுப் பிள்ளைக்குப் பயப்பட எல்லா நியாயமும் இருந்தும், என் பிள்ளைக்கும் இடம் கொடுத்தாளே, அந்த மனதை நினைத்தால் இன்றும் கை கூப்பத்தான் தோன்றுகிறது.