தவனத்தைப் பிடுங்கிப்போட்ட ஜோசப்பு

உதவி செய்தாராம்! பக்கத்து வீட்டு ஜோசப்பு தெரு முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். உதவியாம், உதவி!

இன்று காலை நான் பால் வாங்கப் போன நேரத்தில், என் வாசலில் இருந்த தவனச் செடியை எல்லாம் பார்த்தீனியக் களை என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிட்டார். இலை பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை பேத்தி கல்யாண மாலையில் வைத்துக் கட்ட, என் வீட்டுக்காரி பேத்தமங்களாவில் நாற்று வாங்கி வந்து வளர்த்தது.

வேலி ஓரம் நின்று கூப்பிட்டேன்.

"இன்னா ஜோசப்பு, கண்ணு அவுட்டா?"

"உனக்கு நல்லதுதான்பா பண்ணேன். அந்தப் பார்த்தீனியக் காத்து பட்டா எனக்கு இழுப்பு வருது."

"மைன்ஸ்ல வேல செஞ்சப்ப அந்தத் தூசிக்கு வராத இழுப்பு தவனத்துக்கு வருதா? கைய மோந்து பாருய்யா!"

மோந்து பார்த்தார். முகம் செத்துப்போனது. அப்போதும் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

"செடிதானே, திரும்ப வளரும் போ."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள எங்க வளரும், உன் மொட்டத் தலையிலயா? நெஜப் பார்த்தீனியம் எங்க கீது தெரியுமா? உன் வூட்டு ஜன்னலுக்குக் கீழ..."

முடிப்பதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

மீதியை இங்கே சொல்கிறேன். அது இடுப்பு உயரத்துக்குப் பூத்து நிற்கிறது. கல்யாணத்துக்கு ஜோசப்பு வரும்போது அவருக்கு அதிலேயே ஒரு மாலை கட்டிப் போடலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?