நடுவில் ஓடிய நீல நூல்

பூத்தையலில் ஊசி துணிக்குள் இறங்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். அந்தப் பாதிதான் என் பிழைப்பு. வில்லியனூரில் ரெஜினா அக்கா நடத்தும் தையல் வகுப்பில், கையால் பூ போடக் கற்கும் பெண்கள் முதலில் செய்வது ஒரு மாதிரிப் பட்டை. குறுகலான நீளத் துணி. அதில் மேலிருந்து கீழாக ஒரு வரி சங்கிலித் தையல், ஒரு வரி கொடி, ஒரு வரி கட்டம் என்று இறங்கிக்கொண்டே போகும். தைப்பது அவர்கள். துணியை ஊறவைத்து, வெட்டி, ஓரம் மடித்து, நட்டநடுவில் அடையாளத்துக்கு நீல நூலால் ஓடுதையல் போட்டு, வண்ண நூல்களைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் சுற்றிக் கொடுப்பது நான்.

எனக்கென்றும் ஒரு துணி உண்டு. தயார் செய்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு தையல்கூட விழாமல் பையிலேயே இருந்தது. ஒதியம்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே எதைப் பார்த்தாலும் அது மனசுக்குள் ஒரு வரியாகிவிடும். கரண்டு கம்பியில் உட்கார்ந்த குருவிகள் ஒரு வரி. வரப்போரத்து எருக்கம்பூ ஒரு வரி. துணி வெள்ளையாக இருக்கும்வரை எல்லாமே அதில் இருக்கின்றன. ஒரு தையல் விழுந்தால் மற்றதெல்லாம் போய்விடுமோ என்று பயம். புது நோட்டின் முதல் பக்கத்தைக் காலியாக விட்டு இரண்டாம் பக்கத்தில் எழுத ஆரம்பித்தவர்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

மொட்டைமாடியில்

புதுத்துணியை அப்படியே தைத்தால் முதல் சலவையில் சுருங்கி, தையலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதனால் காலையில் ஊறப்போட்டு மத்தியானம் வகுப்பு நடக்கும் வீட்டு மாடியில் காயவைப்பேன். அடுத்த வீட்டு முருங்கை மாடிக்கு மேலே வளர்ந்திருக்கிறது. அதன் இலைநிழல் வெள்ளைத் துணியில் விழுந்து, காற்றுக்கு நகர்ந்து, ஒரு வரி முடித்து அடுத்த வரிக்குப் போகும். ஊசியில்லாமல், முடிச்சில்லாமல் இத்தனை நேர்த்தியா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். கோயில் கோபுரத்துப் புறாக்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்வதுகூட எனக்குத் தெரியாது.

ஒருநாள் முழங்கால் வலியோடு படியேறி வந்துவிட்டார் ரெஜினா அக்கா. இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார்.

"காஞ்சி அரை மணி நேரம் ஆவுதுடி சுமதி. எடுத்தாரச் சொன்னா அதுங்கூட கனா கண்டுக்கினு நிக்கிற. இந்தா, ஆடி முடியறதுக்குள்ள உன் துணியில ஊசி குத்தல, அத்த வேற யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துடுவேன், சொல்லிட்டேன்."

கத்தரிக்கோலுக்கு வழி

கத்தரிக்கோல் தானாக நேராகப் போகாது. வெட்ட வேண்டிய இடத்தில் துணியிலிருந்து ஒரே ஒரு நூலைப் பிடித்து உருவிவிட்டால் மெல்லிய பாதை ஒன்று தெரியும்; அதன்மேலேயே வெட்ட வேண்டும். பாதி தூரத்தில் நூல் அறுந்துபோகும். புதிதாக வந்தவர்கள் கண் கலங்குகிற இடம் இதுதான்.

குருவிநத்தத்திலிருந்து தனம் சேர்ந்தது அப்போதுதான். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவள். வேலையில்லாத மாதங்களில் வீட்டிலிருந்தே ரவிக்கைக்குப் பூ போட்டுக் கொடுக்கலாம் என்று இரண்டு பஸ் மாறி வந்தாள். நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் நூலை விரலில் சுற்றி, துணியை மெதுவாகச் சுருக்கிச் சுருக்கி, ஒரே இழுப்பில் முழுசாக உருவிவிட்டாள். என் வாய் திறந்தபடியே இருந்தது.

"இதுக்கா இம்மா பேச்சு பேசனீங்க? கவுறு கட்டி வரிசையா நாத்து நடறோமே, அதே கததான்க்கா இது."

கஞ்சி

துவண்டு கிடக்கும் துணி ஊசிக்கு நிற்காது. லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால்தான் நூல் நூலாக எண்ண முடியும். தனம் தன் துணிக்குத் தானே கஞ்சி போடுகிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போனாள். குடிக்க வைத்திருந்த உப்புக் கஞ்சியிலேயே முக்கி, வேலியில் காயப்போட்டிருக்கிறாள். அடுத்த வகுப்புக்கு மடித்த ஓரத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

துணிக்கட்டு தீர்ந்துவிட்டது, புதுசு வர ஒரு மாதமாகும். அதற்குள் மற்றவர்கள் நாலு வரி தாண்டிவிடுவார்கள். "தயார் பண்ணது ஏதாச்சும் இருக்கா சுமதி?" என்று அக்கா கேட்டார். என் துணி என் மடியிலிருந்த பையில்தான் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் வெட்கமாகிவிட்டது. தனம் அன்று முழுக்க மற்றவர்களின் நூலை அட்டையில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், சிரித்த முகமாகவே.

"கஞ்சியில உப்பு சரியாத்தான் இருந்துச்சு போலக்கா. ஓரத்தத் தவிர ஒரு நூலு மீதி வெக்கல எங்க கன்னுக்குட்டி."

மஞ்சள்

அடுத்த வகுப்பில், பழசு ஒன்று கிடந்தது என்று சொல்லி என் துணியைத் தனத்திடம் கொடுத்தேன். நான்கு ஓரமும் மடித்தது, நீல நூல் ஓடியது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். என்னையும் ஒருமுறை பார்த்தாள். வீட்டுக்கு எடுத்துப்போக மடித்து வைத்துக்கொண்டாள். அன்று பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே குருவிகள் இருந்தன. வைக்க எனக்கு இடம்தான் இல்லை.

அதற்கடுத்த வகுப்பில் துணியைப் பிரித்தாள். நாலு மூலையிலும் மஞ்சள். புதுத்துணி என்றால் மஞ்சள் வைக்காமல் தொடக்கூடாதல்லவா, வைத்துவிட்டாள். ஆறு வருட வெள்ளை! பிடுங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடி ஒரு மூலையில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சோப்புப் பட்ட மஞ்சள் சிவக்கும் என்பதுகூட அந்த நேரம் மறந்துபோயிற்று. ரத்தச் சிவப்பாகிவிட்டது. குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா துணியை நல்ல தண்ணீரில் அலசி, மாடி வெயிலில் விரித்தார். மூன்று மூலையில் மஞ்சள் மங்கி மறைந்தது. சோப்புப் போட்ட நாலாவதில் மட்டும் லேசாக ஒரு நிழல் நின்றுவிட்டது.

அது ஆறு வருடமாக நான் எனக்கென்று வைத்திருந்த துணி என்று அக்கா அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தனம் மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரெண்டாக்கிடலாமாக்கா?" என்றாள். தலையாட்டினேன். நீல ஓடுதையலைப் பிரித்தாள். அந்த இடத்திலேயே ஒரு நூலைப் பிடித்து, ஒரே இழுப்பில் உருவினாள். நடுவில் திறந்த பாதையில் கத்தரிக்கோல் சத்தமில்லாமல் போனது. கறையில்லாத பாதியை என்னிடம் நீட்டினாள். நான் மற்றதை எடுத்துக்கொண்டேன்.

"நல்லதக் குடுத்தா வேணாங்கிறீங்க. சரி, இனிமே அழுக்காவுமேன்னு பயமில்ல, குத்துங்கக்கா."

குத்தினேன். ஆடி முடிய இரண்டு நாள் இருந்தது. முதல் வரி பச்சை நூலில் நாற்று; மூன்றாவது நாற்றே கோணல். பார்த்தால் குருவிகளும் எருக்கம்பூவும் எங்கேயும் போய்விடவில்லை, அடுத்தடுத்த வரிகளுக்காகத் துணியில் கீழே காத்துக்கொண்டிருந்தன. துணியைத் தயார் செய்ய எனக்கு ஒரே ஒரு நாள் போதும். என்னைத் தயார் செய்யத்தான் ஆறு வருடமும் பசியெடுத்த ஒரு கன்றுக்குட்டியும் வேண்டியிருந்தது.