பின்சீட்டுப் பயணி

வேன் ஸ்டாண்டில் அவருக்கு 'மெல்லச்சாத்து' என்று பெயர். ஏறுகிறவர் யாராக இருந்தாலும் கதவை மெல்லச் சாத்தச் சொல்லாமல் மனுசன் சாவியைத் திருக மாட்டார். ஒரு தடவை ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரையே இறங்கி மறுபடி சாத்த வைத்தவர்.

தினமும் காலையில் ஏழு நர்சுகளை ஊருக்கு வெளியே இருக்கிற ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதுதான் அவர் பிழைப்பு. போகும்போது வண்டி நிறைந்திருக்கும், திரும்பும்போது காலி. வினை அந்தக் காலியில்தான் இருந்தது. ஆறு வருசத்துக்கு முன் அப்படித் திரும்பி வரும்போது, ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று வேனின் பின்கதவை அப்பளமாக நொறுக்கிவிட்டது. உள்ளே பயணி இல்லையே, அப்புறம் எப்படி வாடகை வண்டி என்று இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்தார்கள். மாநிலத்தின் பழைய சட்டம் அப்படி. அன்றிலிருந்து அவர் காலி வண்டியை ரோட்டில் விடுவதில்லை. பயணி கிடைக்கவில்லையா, பெண்டாட்டியையே ஏற்றினார்.

அந்தம்மா தையல்காரி. எட்டாவது சீட்டில் தைக்க வேண்டிய துணிப்பையோடு வருவாள். திரும்பும்போது அவளுக்கும் டிக்கெட் கிழிப்பார், டிரிப் புத்தகத்தில் 'ஒரு பயணி, பெண்' என்று எழுதுவார். முன்சீட்டில் உட்கார்ந்தால் உதவியாளர் கணக்கு, பயணி ஆகாது. அதனால் ஆறு வருசமாகப் புருசனும் பெண்டாட்டியும் டிரைவர் தலைக்கு மேல் தொங்கும் கண்ணாடி வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

இந்த வருசம் புதுச் சட்டம் வந்தது. வாடகை வண்டி வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பி வந்து நிற்கும்வரை, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் புதுப் பாலிசி வாங்க ஒரு வருசத்து டிரிப் புத்தகத்தைக் காட்ட வேண்டும். அதில் ஒரு வரி பொய் என்றாலும் பர்மிட் போச்சு.

போக்குவரத்து ஆபீசில் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு பயணி, பெண். மறுநாளும் அதே. விரல் அங்கேயே நின்றது. யார் இது என்று கேட்டாள். மெல்லச்சாத்துக்கு வேறு யார் பெயரையாவது சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது, வாய் வரவில்லை.

"என் வீட்டுக்காரிதாங்க."

"சொந்தப் பெண்டாட்டி எப்படிங்க பயணி ஆவாங்க? இது பொய்க்கணக்கு இல்லாம வேற என்ன?"

கீழே வேனில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் ஒரு பிஸ்கட் டப்பாவோடு மாடியேறி வந்தாள். டப்பா நிறைய டிக்கெட்டு, மாதவாரியாக நூல் கட்டி.

"டிக்கெட் எடுத்துத்தாம்மா ஏறுவேன். ஒரு நாள் பர்ஸ மறந்துட்டு வந்துட்டேன். பாதி வழியில வண்டிய நிறுத்திட்டாரு இந்த மகராசன். தையல் பையில கிடந்த சில்லறையத் தேடிக் குடுத்தப்புறம்தான் எடுத்தாரு."

அதிகாரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக்கெட்டையும் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தாள். ஒரு தேதிக்கு டப்பாவில் டிக்கெட் இல்லை. அன்றைக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்டாள்.

"அன்னிக்கு எங்களுக்குள்ள சண்டை. போய்யான்னு நான் வீட்டிலயே இருந்துட்டேன்" என்றாள் தையல்காரி, கூசாமல்.

புத்தகத்தில் அந்தத் தேதிக்கு நேரே, கோணல் எழுத்தில் 'காலி' என்று இருந்தது. அன்று முழு வழியும் அவர் மாட்டுவண்டி வேகத்தில், கையில் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தது புத்தகத்தில் இல்லை. அதிகாரியம்மா அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"பொய் எழுதற ஆளா இருந்தா இங்கதான் எழுதியிருப்பீங்க" என்று சொல்லி முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

மறுநாள் காலையில் செருப்பை மாட்டும்போது, இனிமேல் நீ வந்தே ஆகணும்னு இல்ல, சட்டமே சொல்லிடுச்சு என்று முனகினார். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் பின்கதவைத் தாண்டிப் போய் முன்கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்து, மடியில் துணியை விரித்து, கதவை ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள், இந்தத் தடவை கண்ணாடியில் இல்லை.

ஒன்றும் சொல்லாமல் சாவியைத் திருகினார்.