பழைய ஜீப்புக்குப் பெரிய டயர்

எதையும் அளவோடு வாங்கத் தெரியாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டால் என்ன பாடு என்று பவளத்தைக் கேட்டால் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். ஊறுகிற தண்ணீருக்குச் சின்ன மோட்டாரே போதும் என்ற கிணற்றில் அவள் புருஷன் மோகன் பெரிய மோட்டாராக இறக்கினான். கிணறு வறண்டு மோட்டார் புகைந்ததுதான் மிச்சம். வாசலில் நுழையாத பீரோவை வாங்கிவந்து, நல்லாயிருந்த கதவுநிலையை இடித்தான். கேட்டால், "சின்னதா வாங்கி இன்னாத்துக்கு ஆவும்?" என்பான்.

இந்த வருஷம் டயர். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்தான் அவர்கள் நெல்லை ஏரிக்கரை வழியாகக் கொள்முதல் நிலையத்துக்கு இழுத்துப் போகும். சொர்ணவாரிப் போகத்து நெல்லறுப்பு ஆவணி மழையோடு வருவது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கத்துப் பள்ளத்தில் முழங்கால் சேறு. அதில் வண்டி மாட்டக்கூடாது என்று இடுப்புயர டயர் நான்கைத் தேடிப் பிடித்துவந்தான். மட்கார்டை வெட்டி மாட்டியாயிற்று. எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, கற்பூரமும் காட்டியாயிற்று.

மாட்டிக்கொடுத்த மெக்கானிக் ஞானதாஸ் தலையில் அடித்துக்கொண்டான். "மோகன்ணே, டயரு பெருசாச்சி, உள்ள கீற ஆக்ஸில் அதே பழசுதான். சின்ன டயரு சேத்துல வழுக்கும், ஆக்ஸில் தப்பிச்சிக்கும். இது வழுக்காது, புடிச்சிக்கினு நிக்கும். முறுக்கு பூரா ஆக்ஸில் மேலதான் எறங்கும். வெறும் வண்டியா ஓட்டு, லோடு மட்டும் இழுக்காதே."

"வழுக்கக் கூடாதுன்னுதான்டா மாட்டினேன்!" என்றான் மோகன். சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை.

மூட்டைகளை டிரெய்லரில் ஏற்றிய அன்று மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நெல் நனைந்தால் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள். அப்புறம் அது முளைவிட்டுக் கோழிக்குத்தான் ஆகும்.

"தார்ப்பாயாவது எடுத்துக்கோயேன்யா!" என்று கத்தினாள் பவளம்.

"பத்து நிமிசத்துல போய்டலாம், ஏறு."

பள்ளத்தில் டயர் வழுக்கவேயில்லை. மோகனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, பாத்தியா!" என்று முதல் கியரில் ஏறி மிதித்தான். பின்னால் டமாரென்று ஒரு சத்தம். என்ஜின் உறுமியது, வண்டி அசையவில்லை. ஆக்ஸில் இரண்டாக முறிந்துவிட்டது. அறுப்பு நேரத்தில் ஊரில் ஒரு டிராக்டரும் சும்மா இல்லை. போன் பண்ணிப் பண்ணி ஓய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

பவளம் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். "மெக்கானிக் சொன்னான், நான் சொன்னேன், யார் பேச்சயாவது கேட்டியா நீ? அப்டி இன்னாய்யா வீம்பு உனுக்கு?"

மோகன் சட்டையைக் கழற்றி மேல் மூட்டையில் போர்த்தினான். ஒரு மூட்டைக்கே அது போதவில்லை.

"போன வருசம் இங்கயே மாட்டிக்கினு நெல்லு மொளச்சிப் போச்சில்ல," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "அன்னிக்கு நீ மாட்டுக் கொட்டாய்ல பூந்துக்கினு தனியா அழுதே. நான் பாத்துட்டேன். மறுபடி உன்ன அழ வைக்கக் கூடாதுன்னுதான் இத்த மாட்டினேன்."

அவன் பார்த்தது அவளுக்குத் தெரியாது. திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. பாழாய்ப்போன மனுஷன், அதையும் திட்டமுடியாமல் பண்ணிவிட்டானே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முந்தானையைப் பிரித்து அடுத்த மூட்டையின் மேல் போட்டு, அதன்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"இப்ப மட்டும் இன்னா, சிரிச்சிக்கினா கீறேன்?" என்றாள்.