ஜிப் மாட்டிக்கொண்ட கூடாரம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, மலையேறுகிறவர்களுக்குக் கூடாரம் தைக்கிறது. அடிபட்டு ஓய்ந்த பழைய கூடாரங்களும் எங்களிடமே திரும்பி வரும். சின்னக் கிழிசலை ஒட்டி, தைத்து, மறுபடியும் வாடகைக்கு அனுப்புவோம். தேறாதது அரவைக்குப் போகும்.

போன சித்திரையில் ஒரு கூடாரத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் தண்ணீர்ச் சோதனை. ஒருத்தி உள்ளே போய் ஜிப்பை மூடிக்கொண்டு எங்கே ஒழுகுகிறதென்று பார்க்க வேண்டும். இன்னொருத்தி வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவாள். நான் உள்ளே போனேன். பக்கத்து மெஷின்காரி குழாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் யாரோ கூப்பிட, குழாயை அப்படியே கொக்கியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு சொட்டு ஒழுகவில்லை. சந்தோஷமாக ஜிப்பை இழுத்தேன். அடியிலேயே துணியைக் கவ்விக்கொண்டு நின்றது. கத்தினேன். தண்ணீர் இரைச்சலிலும் மெஷின் சத்தத்திலும் யாருக்குக் கேட்கும்? மேலே தகரக் கூரை. தண்ணீரே புகாத துணியில் காற்று எங்கே புகும்? மூச்சு முட்டியது.

பாக்கெட்டில் நூல் வெட்டும் கத்தரி இருந்தது. துணியை ஒரு கிழி கிழித்தால் வெளியே வந்துவிடலாம். ஆனால் ஆள் வெளியே வரும் அளவு கிழிந்தால் ஒட்ட முடியாது, அப்புறம் கூடாரம் அரவைக்குத்தான். கை வரவில்லை. மறுபடியும் தைத்துக்கொள்ளலாம் என்று ஜிப் ஓரத்துத் தையலைக் கத்தரி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இரண்டு வரிசைத் தையல், அதன்மேல் சூடு வைத்து ஒட்டிய பட்டை. நகம் பிய்ந்தது. நாலு விரல் அகலம் திறந்ததும் அதில் வாயை வைத்து மூச்சு வாங்கினேன். தண்ணீரும் சேர்ந்து உள்ளே போனது. பிறகு கையை வெளியே நீட்டி ஆட்டினேன்.

மெஷின்காரி ஓடி வந்தாள். "இன்னாக்கா இது! கிழிச்சுக்கினு வர வேண்டியதுதானே?"

அழுதுவிட்டேன்.

மறுநாள் கூடாரத்தை வடிவமைக்கும் மேடம் வந்து விசாரித்தார். "ஒரே வரிசை தைங்க மேடம். ஜிப்பு மேல பட்டை ஒட்டாதீங்க. அப்பத்தான் சுளுவா பிரிச்சு ஜிப்ப மட்டும் மாத்திக்கலாம். ஒரு ஜிப்புக்காக முழுக் கூடாரத்தையும் அரைச்சுக்கினு இருக்கோம்" என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்துத் தைத்தவை அப்படியே மாறி வந்தன. பெருமையாகத்தான் இருந்தது.

சூப்பர்வைசரும் பாராட்டினார். "பதறாம உக்காந்திருந்த பாரு! இனிமே உள்ள நீயே போ."

மாட்டேன் என்று சொல்ல நினைத்துத் தலையாட்டிவிட்டேன். வாடகைக்குப் போயிருக்கும், பட்டை ஒட்டிய பழைய மாதிரிக் கூடாரங்கள் எல்லாம் வந்து தீர இன்னும் பல வருஷமாகும். தினமும் நாலைந்து முறை உள்ளே போய் உட்காருகிறேன்.