அப்பா அழித்த பச்சைக் கோடு

எங்கள் காளிகாட் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பழைய காலண்டர்களோடு சேர்த்துச் சுருட்டி வைத்த நீளத் தாள் ஒன்று இருக்கிறது. மேஜைமேல் விரித்தால் இரண்டு ஓரமும் சுருண்டுகொள்ளும். ஒரு பக்கம் தண்ணீர்ச் செம்பும் மறுபக்கம் என் கண்ணாடிக் கூடும் வைத்தால்தான் அடங்கிப் படுக்கும். நான்கு வண்ணப் பென்சில் கோடுகள் அதில் ஏறி இறங்கி ஓடுகின்றன. அவற்றில் பச்சைக் கோடு மட்டும் முதலில் வேறு மாதிரி போடப்பட்டு, பிறகு ரப்பரால் தேய்த்து அழிக்கப்பட்டது. நிறம் போயிற்று, அழுத்திப் போட்ட பென்சிலின் பள்ளம் போகவில்லை. அப்பா கையில் ரப்பரை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்பா ரயில்வேயில் செக்ஷன் கன்ட்ரோலராக இருந்தார். ஹவுராவில் அவருடைய ஆபீஸ். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கேட்டுக் கேட்டு, எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே வந்தது, எங்கே நின்றது என்று பெரிய தாளில் கோடு போடுவதுதான் வேலை. இடமிருந்து வலமாக மணி, மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள். ஓடுகிற வண்டியின் கோடு சரிந்து போகும், நிற்கிற வண்டியின் கோடு படுத்துக்கொள்ளும். மெயிலுக்குச் சிவப்பு, பாசஞ்சருக்கு நீலம், கூட்ஸுக்குப் பச்சை. மெயில் வருகிறது என்றால் கூட்ஸைப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். அதற்கு ‘லூப்பில் போடுவது’ என்று பெயர். அந்தத் தாளில் அழிக்கவே கூடாது. நாளைக்கு ஒரு விசாரணை என்று வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்களாம். “நடந்தது நடந்தபடியே இருக்கணும்” என்பார் அப்பா. வீட்டு மளிகை லிஸ்டிலும் அதே சட்டம்தான். தப்பாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியாக எழுதி, சின்னதாகக் கையெழுத்தும் போடுவார். துவரம்பருப்புக்குக் கையெழுத்துப் போட்ட மனிதர் இந்த உலகத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. அந்த வருஷம் சென்னையிலிருந்து மாமா ஒரு விளம்பரத் தாளை அனுப்பியிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்கா, ராட்டினங்கள், தண்ணீர்ச் சறுக்கு, தலைகீழாகச் சுற்றி வரும் ரயில். கிறிஸ்துமஸ் லீவுக்கு வாருங்கள் என்று ஒரு வரி. அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பொடோதினுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, மிருகக்காட்சிச் சாலை, கேக், ஆரஞ்சுப் பழம். எங்களுக்கோ இரண்டு நாள் ரயில் பயணமும் தலைகீழ் ரயிலும்! கீழ்வீட்டு வங்காளி மாசிமா மட்டும் கன்னத்தில் கை வைத்தார். “டிசம்பர் மாஷே ஜொலே? டாண்டா லேகே ஜாபே!” குளிர்காலத்தில் தண்ணீரில் விட்டால் பிள்ளைகளுக்குச் சளி பிடித்துக்கொள்ளுமே என்ற கவலை. அம்மா உடனே நான்கு குரங்குக் குல்லாய்களை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். சென்னை வெயிலுக்குக் குரங்குக் குல்லாய்! மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது தனிக் கதை.

அப்பாவுக்கு எதையும் தாளில் போட்டால்தான் நடக்கும். ஆபீஸில் வீணான தாள் ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்டேஷன்கள் எழுதுகிற இடத்தில் வாசல், பெரிய ராட்டினம், படகு, தலைகீழ் ரயில், கேன்டீன், பெஞ்சு என்று வரிசையாக எழுதினார். எனக்குச் சிவப்புப் பென்சில், தம்பிக்கு நீலம், தனக்குக் கறுப்பு, அம்மாவுக்குப் பச்சை. “நான் மட்டும் பாசஞ்சரா?” என்று தம்பி ஒரு மணி நேரம் அழுதான். ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்து, அப்பா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் முகம்தான் அவருக்கு.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். “இந்தப் பச்சை யாருங்க?”

“நீதான்.”

“எல்லாக் கோடும் ஏறுது, எறங்குது. என்னுது மட்டும் ஏன் பத்து மணிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் அசையாம படுத்துக் கெடக்கு?”

“அது பெஞ்சு. நல்ல நிழல், விளம்பரப் படத்துலயே போட்டிருக்கான் பாரு. பை, செருப்பு, என் கண்ணாடி, இதையெல்லாம் யார் பாத்துக்கறது? உனக்குத்தான் ராட்டினம்னா தலை சுத்துமே.”

“நான் எப்பங்க சொன்னேன்?”

அப்பா யோசித்தார். “கங்கையில ஃபெர்ரில போறப்ப வாந்தி எடுத்தியே.”

“அட ராமா! அது இவ வயித்துல இருந்தப்போ!” அம்மா என்னைக் காட்டினாள். “அதுக்காகவா பன்னெண்டு வருஷமா என்னை லூப்புல போட்டு வெச்சிருக்கீங்க?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சமையலறைக்குத் திரும்பிப் போகும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை, நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பூஜைப் பந்தல்களில் நாங்கள் உள்ளே ஓடும்போது வெளியே செருப்புகளோடு நின்றது அம்மா. மிருகக்காட்சிச் சாலையில் புலி முன்னால் தம்பியைத் தூக்கிக் காட்டியது அப்பா, டிபன் கூடையோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தது அம்மா. அவளுக்குப் புலி பார்க்க ஆசை இருக்குமா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெல்ல, “ரப்பர் வெச்சிருக்கியாம்மா?” என்று என்னிடம் கேட்டார்.

வண்ணப் பென்சில் லேசில் அழிகிற வஸ்து இல்லை. அப்பாவோ எப்போதும் அழுத்திப் போடுகிறவர். தாள் கிழிந்துவிடும் என்று பயந்து பயந்து தேய்த்தார். துகளை ஊதினார், மறுபடி தேய்த்தார். அப்புறம் பச்சையைச் சீவி, அம்மாவின் கோட்டை ராட்டினத்துக்கு, படகுக்கு, தலைகீழ் ரயிலுக்கு என்று ஏற்றிக்கொண்டு போனார். தன் கறுப்புக் கோட்டின் பக்கத்தில் “ரத்து” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் அம்மா வந்து பார்த்தாள். அன்றைக்கு அப்பாவுக்கு இரண்டாவது காபி கேட்காமலே வந்தது.

பூங்காவில் நடந்ததை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். தலைகீழ் ரயிலிலிருந்து இறங்கியபோது அம்மாவின் தலைமுடியெல்லாம் பறந்து கிடந்தது, கண்ணில் தண்ணீர். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். நேரே பெஞ்சுக்குப் போய் அப்பா முன்னால் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி, “இன்னொரு வாட்டி போயிட்டு வரட்டுமா?” என்று கேட்டாள். தாளில் ஒரு தடவைதான் இருந்தது. ஏற்கெனவே பன்னிரண்டு நிமிஷம் தாமதம். மெயில் இரண்டு நிமிஷம் தாமதமானால் சோறு இறங்காத மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “போயிட்டு வா. லைன் கிளியர்” என்றார். அம்மா ஓடினாள். அதுவரை அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. சுற்றிலும் பைகள், மடியில் நான்கு குரங்குக் குல்லாய்கள் என்று உட்கார்ந்துகொண்டு, ரயில் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் அப்பா கையைத் தூக்கி ஆட்டினார். அது அவளுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ரிட்டையர் ஆன அன்று மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்து, “சர்வீஸ்லயே எனக்குப் பிடிச்ச டூட்டி அந்த பெஞ்சு டூட்டிதான்” என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அப்பா எங்களோடு இருக்கிறார். கைத்தடி இல்லாமல் பாத்ரூம் வரைகூடப் போக முடியாது. இந்தக் கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லோருமாகச் சென்னையில் தம்பி வீட்டுக்குப் போகிறோம். என் பெண் அதே பூங்காவுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இப்போது தாளா, பென்சிலா? எல்லாம் செல்ஃபோனில்தான். எத்தனை மணிக்கு எது, யாரோடு யார் என்று பட்டியல் போட்டு வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் அனுப்பினேன், கெட்டிக்காரி என்ற நினைப்போடு. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பெண் அதைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். தமிழைவிட வங்காளம்தான் அவள் வாயில் சரளமாக வரும். கடைசி வரிக்கு வந்ததும், “தாத்தா, துமி மாமார் பாடிதே ரெஸ்ட் கொர்பே” என்றாள். நீ மாமா வீட்டில் ஓய்வெடு, அவ்வளவுதான்.

அப்பா என்னைப் பார்த்துத் திரும்பினார். “இதுல என் கோடு எங்கம்மா?”

“உங்களால அவ்வளவு தூரம் நடக்க முடியாதேன்னுதான்ப்பா…”

“நான் எப்பச் சொன்னேன்?”

எனக்குச் சுருக்கென்றது. அம்மா கேட்ட அதே கேள்வி.

“நடக்கறேன்னு யார் சொன்னா? ஒரு தள்ளு நாற்காலில கொண்டுபோய் அந்த பெஞ்சுகிட்ட விட்டுடுங்க. உங்க பை செருப்பையெல்லாம் பாத்துக்க ஆள் வேணாமா?” என்றவர், குரலை இறக்கி, “உங்கம்மா சுத்தின எடம் அங்கேருந்து நல்லாத் தெரியும்மா” என்றார்.

நான் அங்கே நிற்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி அந்தச் சுருளை எடுத்துவந்தேன். செம்பு ஒரு பக்கம், கண்ணாடிக் கூடு ஒரு பக்கம். பேத்தி தன் பென்சில் டப்பாவிலிருந்து கறுப்பை எடுத்து நீட்டினாள். அப்பா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தானே துழாவிப் பச்சையை எடுத்தார். பெஞ்சு என்று எழுதியிருந்த வரியில், பத்து மணியில் முனையை வைத்தார். கை கிடுகிடுவென்று நடுங்கியது, கோணலாகப் போகப் போகிறது என்று நானும் கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் பழைய பள்ளத்தில் இறங்கிய பென்சில், அந்த வழியிலேயே நேராகப் போய் ஐந்து மணியில் நின்றது.